பிரிட்டிஷ் நீராவி எஞ்சின்களும் பழைய பெட்டிகளும்: மாதிரி ரயில் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் எஞ்சினாக எதை வாங்கலாம்?

எஞ்சினைத் தேடுவதற்கு முன் ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் தேர்ந்தெடுங்கள். 1935, லண்டன் கிங்ஸ் கிராஸ். அல்லது 1958, டெவன் கடலோரத்தில் ஒரு கிளைப்பாதை. இந்த இரண்டும் முடிவாகிவிட்டால் எந்த எஞ்சின், எந்தப் பெட்டி, என்ன நிறம், பக்கவாட்டில் என்ன எழுத்து என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்துவிடும். கடைக்குப் போய்க் கண்ணைக் கவர்ந்ததை எல்லாம் வாங்கி வருபவர்களிடம் ஐந்து அழகான எஞ்சின்கள் இருக்கும். அவை ஐந்தும் ஒரே நாளில் ஒரே நிலையத்தில் நின்றிருக்கவே முடியாது.

பெயர் பெற்ற பெரிய விரைவு வண்டி எஞ்சின்தான் வேண்டும் என்று மனம் அடம் பிடிக்கும். இடம் குறைவாக இருந்தால் அதை அடக்கிக்கொண்டு சிறிய டேங்க் எஞ்சினோடு தொடங்குவது நல்லது. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் 5700 வகை 'பேனியர் டேங்க்' 863 எஞ்சின்கள் கட்டப்பட்டன. கொதிகலனின் இருபுறமும் தண்ணீர்த் தொட்டிகள் தொங்கும் இந்த எஞ்சின் பயணிகள் வண்டியை இழுத்தது, கூட்ஸ் வண்டியை இழுத்தது, யார்டில் பெட்டிகளைக் கோத்தது. 1929 முதல் 1960கள் வரை ஓடியதால் பல காலகட்டங்களுக்கும் பொருந்தும். இறுக்கமான வளைவிலும் தடம் புரளாது.

மாதிரி வரும் அட்டைப்பெட்டியின் மேல் 'எரா 3', 'எரா 5' என்று அச்சிட்டிருக்கிறதே, அது என்ன?

பிரிட்டிஷ் ரயில் வரலாற்றை உற்பத்தியாளர்கள் துண்டு போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். 1 என்றால் தொடக்க காலம், 1875 வரை. 2 என்றால் 1922 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட சிறிதும் பெரிதுமான கம்பெனிகள் இருந்த காலம். 3 என்றால் 1923 முதல் 1947 வரை, நான்கு பெரிய கம்பெனிகளின் காலம். 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமையானது. அதற்குப் பின் 1956 வரை 4, 1957 முதல் 1966 வரை 5. அதன் பிறகு வருபவை டீசல் காலத்து எண்கள்.

4-க்கும் 5-க்கும் வேறுபாடு தெரிய எஞ்சினின் சின்னத்தைப் பாருங்கள். முந்தையதில் சிங்கம் ஒன்று சக்கரத்தின் மேல் கால் பரப்பி நிற்கும். 1956-இல் வந்த பிந்தையதில் கிரீடத்திலிருந்து எழும் சிங்கம் சக்கரத்தைக் கையில் பிடித்திருக்கும். இந்த எண்கள் வழிகாட்டிகள் மட்டுமே. 1957 பிறந்த நள்ளிரவில் யாரும் எல்லா எஞ்சின்களுக்கும் புதுச் சின்னம் ஒட்டிவிடவில்லை. அடுத்த பட்டறைப் பராமரிப்பு வரும் வரை பழைய சின்னத்தோடேயே பல ஓடின.

பிரிட்டிஷ் மாதிரிகள் 'ஓஓ', மற்ற நாடுகளில் 'எச்ஓ'. தண்டவாளம் ஒன்றுதானாமே?

ஆம், இரண்டுக்கும் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். வண்டியின் அளவுதான் வேறு. எச்ஓ என்பது ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர், அதாவது 1:87. ஓஓ என்பது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், ஏறக்குறைய 1:76.

பிரிட்டன் ரயிலைத் தொடங்கி வைத்த நாடு. அங்கே சுரங்கங்களும் பாலங்களும் நடைமேடைகளும் முன்னதாகவே, குறுகலாகவே கட்டப்பட்டன. தண்டவாள அகலம் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உள்ளதேதான் (1435 மில்லிமீட்டர்). ஆனால் அதன் மேல் ஓடும் எஞ்சின் ஒல்லியாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டியிருந்தது. அன்றைய மாதிரி மோட்டார்களோ பருத்தவை. எச்ஓ அளவில் செய்த பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அவை அடங்கவில்லை. தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ என்ற மாதிரி ரயில் வரிசை இந்த அளவை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது.

விளைவு என்னவென்றால், கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 16.5 ஆகவே நிற்கிறது. நேர் முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் தன் உடலுக்குக் குறுகலான தண்டவாளத்தில் நிற்பது தெரியும். இதைப் பொறுக்காதவர்கள் 18.2 மில்லிமீட்டரில் 'இஎம்', 18.83-இல் 'பி4' என்று தனி வழி போனார்கள். சக்கரங்களை மாற்ற வேண்டும், பாயிண்ட்களை (தண்டவாளம் பிரியும் இடங்களை) கையாலேயே செய்ய வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவர்களின் வேலையைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி ஓடுவதைப் பார்க்க விரும்புபவருக்கு ஓஓ போதும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது யாரும் அளவுகோலை எடுப்பதில்லை.

வீடு சிறியதென்றால் 'என்' அளவு இருக்கிறது, தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். அதிலும் இதே கதைதான்: பிற நாடுகளில் 1:160, பிரிட்டனில் 1:148.

நான்கு கம்பெனிகளை எப்படி அடையாளம் காண்பது?

கிரேட் வெஸ்டர்ன்: கரும்பச்சை எஞ்சின், விரைவு எஞ்சின்களின் புகைபோக்கியின் தலையில் செம்பு வளையம், பித்தளையில் வார்த்த எண் பலகை. பெட்டிகள் பெரும்பாலும் கீழே சாக்லேட் நிறம், மேலே பாலாடை நிறம். நால்வரில் பழைய பெயரை அப்படியே தக்கவைத்துக்கொண்டது இது ஒன்றுதான். சிக்னல் விஷயத்திலும் தனி வழி. மற்றவர்கள் சிக்னலின் கை மேலே உயர்ந்தால் 'போ' என்ற முறைக்கு மாறியபோது, இவர்கள் கை கீழே இறங்கினால் 'போ' என்ற பழைய முறையையே கைவிடாமல் வைத்திருந்தார்கள். காட்சியமைப்பில் இந்த ஒன்றைத் தவறாக வைத்தால் போதும், தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

எல்எம்எஸ் (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்): பயணிகள் எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் மிட்லண்ட் கம்பெனி விட்டுச்சென்ற கருஞ்சிவப்பு. ஆனால் பெரும்பாலான எஞ்சின்கள் கறுப்புத்தான். 842 கட்டப்பட்ட 'பிளாக் ஃபைவ்' அவற்றில் முக்கியமானது.

எல்என்இஆர் (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்): இளம்பச்சை விரைவு எஞ்சின்கள், வார்னிஷ் பூசிய தேக்குப் பெட்டிகள். சதர்ன்: முதலில் ஆலிவ் பச்சை, பின்னர் புல்லிட் தலைமை எந்திரப் பொறியாளராகப் பொறுப்பேற்ற காலத்தில் பளிச்சென்ற மலக்கைட் பச்சை. லண்டனைச் சுற்றி மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்த பாதைகளை ஏராளமாக வைத்திருந்ததும் சதர்ன்தான்.

1923-க்கு முந்தைய நிறங்கள் தனி உலகம். லண்டன்–பிரைட்டன் பாதையில் வில்லியம் ஸ்ட்ரௌட்லி 'மேம்பட்ட பச்சை' என்று பூசிய நிறம் பார்வைக்கு மஞ்சள். அவருடைய சின்னஞ்சிறு 'டெரியர்' எஞ்சினை வாங்கிப் பிரித்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். தவறான சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' வாங்க வேண்டும். கடையில் ஒரே எஞ்சின் பல நிறங்களில், பல எண்களில் இருக்கிறது. எது சரி?

எல்லாமே சரி, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. டான்காஸ்டர் பட்டறையிலிருந்து 1923 பிப்ரவரியில் வெளிவந்தபோது இதன் எண் 1472, பெயரே கிடையாது. வெம்ப்லி கண்காட்சிக்காக 1924-இல் பெயரும் 4472 என்ற எண்ணும் வந்தன. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ1 வகை அது. 1928 மே 1 முதல் லண்டன்–எடின்பரோ இடையே சுமார் 630 கிலோமீட்டர் நிற்காமல் போகும் சேவை தொடங்கியபோது முதல் வண்டியை இழுத்தது இதுதான். நடுவழியில் ஓட்டுநரும் உதவியாளரும் மாற வேண்டுமே? அதற்காக, எஞ்சினின் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டருக்குள்ளேயே ஓர் ஆள் நுழைந்து போகும் அளவுக்கு நடைபாதை வைத்தார்கள். 1928-க்குரிய மாதிரி என்றால் டெண்டரின் பின்புறம் பெட்டியோடு சேரும் மடிப்பு வாயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகம் அதிகாரபூர்வமாகப் பதிவானதும் இதே தோற்றத்தில்தான்.

போரின்போது கறுப்பு பூசினார்கள். 1946-இல் எண் மாறி 103 ஆனது. 1947 ஜனவரியில் அதிக அழுத்தக் கொதிகலன் பொருத்தி ஏ3 ஆக மாற்றினார்கள். வெளியே தெரியும் அடையாளம், புகைப்பெட்டியின் இருபுறமும் புடைத்திருக்கும் மூடிகள். நாட்டுடைமைக்குப் பிறகு எண் 60103. 1950களின் தொடக்கத்தில் சில காலம் நீலம், பிறகு கரும்பச்சை. 1959-இல் இரட்டைப் புகைபோக்கி, 1961-இல் முகப்பின் இருபுறமும் புகை ஒதுக்கும் தகடுகள். 1963 ஜனவரியில் ஓய்வு.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: இளம்பச்சை நிறம், 4472 என்ற எண், ஏ3 மூடிகள், மூன்றும் ஒன்றாக உள்ள மாதிரி. ஏ3 ஆனபோது எண் ஏற்கெனவே 103 என்று மாறியிருந்தது. ஆகவே கம்பெனி காலத்தில் அந்தக் கோலத்தில் அது ஓடவே இல்லை. 1963-இல் ஆலன் பெக்லர் விலைக்கு வாங்கிப் பழைய நிறத்தைப் பூசிய பிறகு வந்த தோற்றம் அது. பின்னால் இரண்டு டெண்டர்கள் இருந்தால் இன்னும் உறுதி. தண்ணீர் நிரப்பும் வசதிகள் மறைந்துகொண்டிருந்த 1960களில் கூடுதல் தண்ணீருக்காகச் சேர்த்தது அது. மாதிரி அழகானதுதான். ஆனால் 1930களின் தேக்குப் பெட்டிகளை அதன் பின்னால் கோக்கும்போது தெரிந்து கோர்க்க வேண்டும்.

'மல்லார்ட்' எஞ்சினின் சக்கரங்கள் சில மாதிரிகளில் மூடியும், சிலவற்றில் திறந்தும் இருப்பது ஏன்?

1938 ஜூலை 3 அன்று ஸ்டோக் சரிவில் மணிக்கு 126 மைல் தொட்டு நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனை படைத்தபோது, காற்றை வெட்டும் பக்கத்தகடுகள் சக்கரங்களின் மேற்பகுதியை மறைத்திருந்தன. போர் வந்தது, பட்டறையில் ஆள் குறைவு. எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் அந்தத் தகடுகள் இடைஞ்சல் என்று மல்லார்ட் சேர்ந்த ஏ4 வகை எஞ்சின்கள் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டார்கள். எனவே தகடு இருந்தால் போருக்கு முன், இல்லாவிட்டால் பின். யார்க் அருங்காட்சியகத்தில் நிற்கும் மல்லார்டுக்குத் தகடுகளைத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள், 1938-இன் நீல நிறத்தோடு.

எஞ்சின் வாங்கியாயிற்று. பெட்டி ஏதாவது ஒன்று போதாதா?

என் கருத்தில் பணத்தையும் யோசனையையும் எஞ்சினைவிடப் பெட்டிகளில்தான் அதிகம் செலவிட வேண்டும். ரயில் கடந்து போகும்போது கண்முன் நீளமாக ஓடுவது பெட்டிகள்தானே.

1830-இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தபோது முதல் வகுப்புப் பெட்டி என்பது குதிரை வண்டிகளின் உடலை மூன்று மூன்றாக ஒட்டி நான்கு சக்கரச் சட்டத்தில் ஏற்றியதுதான். ஏழைகள் கூரையில்லாத வண்டியில் நனைந்துகொண்டு போனார்கள். 1844-இல் வந்த சட்டம்தான், ஒவ்வொரு பாதையிலும் நாளுக்கு ஒரு வண்டியாவது மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் கூரையுள்ள பெட்டியில், மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

அடுத்த அரை நூற்றாண்டில் நான்கு சக்கரம் ஆறு ஆனது, ஆறு சக்கரம், பெட்டிக்கு அடியில் திரும்பக்கூடிய இரு சக்கரச் சட்டங்கள் (போகிகள்) ஆனது. கூரையின் நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்குமாக மேடு எழுப்பிய 'கிளியர்ஸ்டரி' பெட்டிகள் விக்டோரியா காலத்தின் இறுதியைச் சொல்லும் அடையாளம். 1889-இல் ஆர்மா விபத்தில் ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில், பயணிகள் வண்டி முழுவதற்கும் தானியங்கி பிரேக் கட்டாயமானது. 1892-இல் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி பாடிங்டன்–பிர்கன்ஹெட் இடையே முழுவதும் நடைபாதை உள்ள வண்டியை விட்டது. அதுவரை பயணிகள் ஏறிய அறைக்குள்ளேயே அடுத்த நிலையம் வரை அடைபட்டிருக்க வேண்டும். கழிப்பறைக்கும் அதே கதி. புறநகர் வண்டிகளில் இந்த அறை முறை அதற்கு வெகுகாலம் பின்னும் நீடித்தது. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு என்பதால் நிலையத்தில் நொடியில் காலியாகிவிடும்.

1915-இல் குவின்டின்ஷில் விபத்தில் மரப்பெட்டிகளும் விளக்கெரிக்க வைத்திருந்த வாயுவும் சேர்ந்து எரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் போருக்குப் புறப்பட்ட படைவீரர்கள். அதன் பின்னும் மரம் உடனே போய்விடவில்லை. கிரெஸ்லியின் தேக்குப் பெட்டிகள் 1940கள் வரை கட்டப்பட்டன. எல்எம்எஸ் கம்பெனியோ இரும்புத் தகட்டை முன்பே பிடித்துக்கொண்டது. அதன் தலைமைப் பொறியாளர் ஸ்டேனியர் காலத்தில் பக்கங்கள் வழவழப்பாகின. நாட்டுடைமைக்குப் பின் 1951-இல் 'மார்க் 1' வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே வடிவம், முழு இரும்பு உடல்.

கதவில் '3' என்று இருக்கிறது. இரண்டாம் வகுப்பைக் காணோமே?

மிட்லண்ட் கம்பெனி 1875-இல் இரண்டாம் வகுப்பை ஒழித்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்காரர்களை அந்த இருக்கைகளில் உட்கார வைத்தது. மற்ற கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே மெல்லப் பின்தொடர்ந்தன. கடைசியில் பெரும்பாலான வண்டிகளில் முதலும் மூன்றும்தான் மிஞ்சின. 1956 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு 'இரண்டாம் வகுப்பு' என்று பெயர் மாற்றினார்கள். ஆகவே கதவில் 3 எழுதிய பெட்டியை 1960களின் டீசல் எஞ்சின் இழுக்கக் கூடாது.

மார்க் 1 பெட்டிகளின் நிறங்களை எப்படிப் பொருத்துவது?

தொடக்கத்தில் கீழே சிவப்பு, மேலே பாலேடு நிறம். ரசிகர்கள் இதை 'ரத்தமும் கஸ்டர்டும்' என்று அழைக்கிறார்கள். 1956 முதல் பெரும்பாலும் அரக்குச் சிவப்பு. அப்போது வெஸ்டர்ன் பிரிவு சில பேர் பெற்ற வண்டிகளுக்குச் சாக்லேட்–பாலாடை நிறத்தை மீட்டுக்கொண்டது, சதர்ன் பிரிவு பச்சையை விடவில்லை. 1960களின் நடுவிலிருந்து நீலமும் சாம்பலும். மாற்றம் நடந்த ஆண்டுகளில் ஒரே வண்டியில் இரு நிறப் பெட்டிகள் கலந்து ஓடுவது வழக்கம் என்பதால், பழையதில் இரண்டும் புதியதில் இரண்டுமாகக் கோத்தால் அது பிழையல்ல, அழகு.

எவ்வளவு இடம் வேண்டும்?

மார்க் 1 பெட்டியின் நீளம் 64 அடி 6 அங்குலம். ஓஓ அளவில் 258 மில்லிமீட்டர். பத்துப் பெட்டி விரைவு வண்டி எஞ்சினோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்று மீட்டர் வரும். வீட்டில் நான்கு அல்லது ஐந்து பெட்டிகளோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறை.

வளைவு இன்னொரு சிக்கல். ஹார்ன்பியின் ஆயத்தத் தண்டவாளங்களில் முதல் வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர், இரண்டாவது 438, மூன்றாவது 505. ஆறு இயக்கச் சக்கரங்களுள்ள பெரிய எஞ்சின்களுக்கு இரண்டாவதாவது வேண்டும் என்று அட்டையிலேயே குறித்திருப்பார்கள். ஓடும் என்பது வேறு, பார்க்க நன்றாக இருப்பது வேறு. இறுக்கமான வளைவில் நீளமான பெட்டிகளின் மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். 19-ஆம் நூற்றாண்டுக் கிளைப்பாதையை எடுத்துக்கொண்டால் நான்கு சக்கரப் பெட்டிகளே பொருத்தம், இடமும் மிச்சம்.

கூட்ஸ் வண்டிக்கு ஏதாவது விதி உண்டா?

கடைசியில் பிரேக் வேன் கட்டாயம். பெரும்பாலான பழைய சரக்கு வேகன்களுக்குத் தொடர் பிரேக் இல்லை. கடைசி வேனில் கார்டு கைப்பிடியைச் சுற்றித்தான் வண்டியின் பின்பகுதியைக் கட்டுப்படுத்தினார். ஆகவே மெதுவாக ஓட்டுங்கள். போருக்கு முந்தைய காலம் என்றால் நிலக்கரி வணிகர்களின் பெயர் பெரிதாக எழுதிய மர வேகன்கள் கண்ணுக்கு விருந்து. 1948-க்குப் பின் என்றால் சாம்பல் நிற 16 டன் இரும்பு வேகன்கள், பாதி துருவோடு.

பழைய ஹார்ன்பி டப்ளோ மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முதலில் மூன்று தண்டவாளமா, இரண்டா என்று கேளுங்கள். 1959 வரை டப்ளோ நடுவில் ஒரு தண்டவாளத்தோடுதான் வந்தது. அவை இன்றைய தண்டவாளத்தில் ஓடாது. போருக்கு முந்தைய வார்ப்பு உலோகத்தில் ஈயம் கலந்திருந்தால் வெடிப்பு விட்டு, உப்பி, நாளடைவில் பொடியாகும். அதற்கு மருந்து கிடையாது. வெடிப்பு இல்லாத டப்ளோ எஞ்சின் எடை மிகுந்தது, நன்றாக இழுக்கும், எளிதில் பழுதுபார்க்கலாம்.

சென்னை போன்ற கடலோர ஊரில் வைத்திருப்பதில் சிக்கல் உண்டா?

பழைய எஃகுத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமாக வாங்குங்கள். அதிலும் அழுக்குப் படியும், துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். மின்சாரத்தில் தொல்லையில்லை. இந்தியா, பிரிட்டன் இரண்டிலும் 230 வோல்ட்தான், பிளக்கின் வடிவம் மட்டும் வேறு. தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட் நேர்மின்சாரம்.

டிஜிட்டல் கட்டுப்பாடு தேவையா?

ஒரே சுற்றுப்பாதையில் ஓர் எஞ்சின் என்றால் தேவையில்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக இயக்கவும் நீராவிச் சத்தம் கேட்கவும் ஆசை இருந்தால் டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாடு வேண்டும். எதிர்காலத்தில் மாற நினைத்தால், இப்போதே டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சில்லு) பொருத்தும் இணைப்பு உள்ள எஞ்சினாக வாங்குங்கள்.

இதே எஞ்சின்களை வைத்து இந்தியப் பாதை அமைக்கலாமா?

அகலப்பாதை என்றால் கணக்கு இடிக்கும். 1676 மில்லிமீட்டர் அகலம் ஓஓ அளவில் 22 மில்லிமீட்டர் ஆகும். லீட்ஸ் நகரில் 1855-இல் கட்டிய 'ஃபேரி குவீன்' உட்பட எத்தனையோ எஞ்சின்கள் பிரிட்டனிலிருந்து இங்கே வந்தவைதான். ஆனால் அவை இந்தியத் தண்டவாளத்துக்கென்றே செய்தவை.

எல்லாக் காலத்து எஞ்சின்களும் பிடித்திருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால்?

அதற்கும் நேர்மையான வழி உண்டு: உங்கள் பாதையை இன்றைய பாரம்பரிய ரயில்பாதையாக அமைத்துவிடுங்கள். சசெக்ஸில் ப்ளூபெல் பாதை 1960 முதல் தன்னார்வலர்களால் ஓடுகிறது. பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கமான நீராவி ஓட்டம் 1968 ஆகஸ்டில் முடிந்தது. வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கடையில் துருவேறி நின்ற எஞ்சின்களில் 213-ஐ ஆர்வலர்கள் மீட்டார்கள். இப்படிப்பட்ட பாதைகளில் விக்டோரியா காலத்து டெரியரும் 1950களின் எஞ்சினும் ஒரே கொட்டகையில் நிற்கும், பின்னால் கலப்பு நிறங்களில் மார்க் 1 பெட்டிகள். 2008-இல் புதிதாகவே கட்டி முடித்த 'டோர்னேடோ' எஞ்சினையும் அங்கே விருந்தாளியாக நிறுத்தலாம். ஆனால் நடைமேடையில் நிற்கும் பொம்மை மனிதர்களுக்குத் தொப்பியும் கோட்டும் போடாதீர்கள். கையில் கேமராவும் முதுகில் பையும் இருக்கட்டும், வெளியே கார் நிறுத்துமிடமும் வேண்டும்.